லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு: முதல்முறை மலைநடை போகிறவர்களுக்கு ஒரு நாள் வட்டப்பாதை

ஸ்விட்சர்லாந்து போகிற நம்மவர்களில் பாதிப் பேர் யுங்ஃப்ராவ்யோக் டிக்கெட்டைத்தான் முதலில் எடுக்கிறார்கள். 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ரயில் நிலையம் வரை போய், பனியைத் தொட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு சாயங்காலத்துக்குள் இறங்கிவிடுவார்கள். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதே மலைகளின் அடிவாரத்தில், மாட்டுக்கொட்டிலும் மரவீடுகளுமாக இருக்கிற ஊர்களுக்குள் ஒரு முழு நாள் நடக்கலாம். செலவு அந்த டிக்கெட்டில் ஒரு சிறு பங்குதான். மலையேறிய பழக்கம் தேவையில்லை. தினமும் கொஞ்சம் நடக்கிற பழக்கமும் கெட்டியான முழங்காலும் இருந்தால் போதும்.

முழங்கால் என்று காரணத்தோடுதான் சொல்கிறேன். மலைநடை என்றாலே மூச்சு வாங்குமே என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். இந்தப் பாதையில் ஏற்றம் மொத்தமே இருநூறு மீட்டருக்குள் முடிந்துவிடும். இறக்கம் எழுநூறு மீட்டருக்கு மேல். திட்டம் போடும்போது இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

பாதை இதுதான். லவுட்டர்புருன்னன் ஊரிலிருந்து (795 மீட்டர்) கேபிள் காரில் குரூட்ச்சால்ப் (சுமார் 1,486 மீட்டர்) ஏறுகிறோம். அங்கிருந்து மலையின் தோளோடு நடந்து மியூரன் (1,638). அப்புறம் இறங்கி கிம்மல்வால்ட் (சுமார் 1,365). அங்கிருந்து காட்டு வழியாகச் செங்குத்தாக இறங்கி ஸ்டெக்கல்பெர்க் (சுமார் 910). கடைசியில் ஆற்றங்கரையோடு சமதரையில் நடந்து மறுபடி லவுட்டர்புருன்னன். ஏறக்குறைய பதினாறு, பதினேழு கிலோமீட்டர். நிற்காமல் நடந்தால் ஐந்து மணி நேரம். நின்று, உட்கார்ந்து, சாப்பிட்டு நடந்தால் ஏழெட்டு மணி நேரம். நிற்காமல் நடக்கிறவர்கள் இங்கே வருவதில் அர்த்தமில்லை.

இதே வட்டத்தை எதிர்ப்பக்கமாகவும் சுற்றலாம். ஸ்டெக்கல்பெர்க்கிலிருந்து ஏறினால் முழங்காலுக்கு நல்லது, மூச்சுக்குக் கஷ்டம். ஏற்கெனவே முழங்கால் வலி உள்ளவர்கள் அப்படிப் போகலாம். மற்றவர்களுக்கு நான் சொல்கிற திசைதான் சரி. காலையில் வானம் தெளிவாக இருக்கும்போது மலைகள் தெரிகிற மேல்பாதையில் இருப்பீர்கள். மேகம் கூடி, இடி இறங்க வாய்ப்புள்ள பின்மதியத்தில் பள்ளத்தாக்கின் அடியில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருப்பீர்கள்.

எப்போது போகலாம்

ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. அதற்கு முன்னால் நிழல் பகுதிகளில் பழைய பனி கெட்டியாகக் கிடக்கும். பார்க்க அழகு, காலை வைத்தால் வழுக்கும். வசந்தத்திலும், இலையுதிர்காலம் முடியும்போதும் கேபிள் கார்களை முறைவைத்து நிறுத்திப் பராமரிப்பு வேலை பார்ப்பார்கள். ஏப்ரல், நவம்பரில் வருகிறவர்கள் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்னைக் கேட்டால் செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் லவுட்டர்புருன்னன் தெருவில் தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். 2024இல், காரில் வந்து அன்றே திரும்புகிற பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கலாமா என்று ஊர்க்காரர்களே பேச ஆரம்பித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் கூட்டம் குறையும், இடிமழை குறையும், காற்று தெளிவாக இருக்கும். ஒரே குறை, அருவிகளில் தண்ணீர் மெலிந்திருக்கும். அருவிதான் முக்கியம் என்றால் பனி உருகுகிற ஜூன் மாதமே நல்லது.

முந்தின நாள் ராத்திரி ஸ்விஸ் வானிலைத் துறையின் மீட்டியோஸ்விஸ் செயலியைப் பாருங்கள். மழை என்று போட்டிருந்தால் மணி வாரியாகப் பார்க்க வேண்டும். காலை முழுக்க வெயிலும் நான்கு மணிக்கு மேல் இடியும் என்றிருந்தால் கிளம்பலாம், ஆனால் சீக்கிரம் கிளம்ப வேண்டும். நாள் முழுக்க மழை என்றால் தள்ளிப்போடுங்கள். கிம்மல்வால்டுக்குக் கீழே உள்ள காட்டுப்பாதையில் வேரும் கல்லும் நனைந்தால் சோப்புப் போட்ட மாதிரி.

பையில் என்ன

செருப்பு வேண்டாம். வழவழப்பான அடிப்பாகம் உள்ள ஷூவும் வேண்டாம். பல் உள்ள ஷூ ஏதாவது ஒன்று, ஏற்கெனவே போட்டுப் பழகியது. புது ஷூவை இந்தப் பாதையில் சோதித்துப் பார்க்காதீர்கள். முந்தின நாளே கால் நகத்தை வெட்டிவிடுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும். எழுநூறு மீட்டர் இறங்கும்போது விரல்நுனி ஷூவின் முன்புறத்தில் ஆயிரம் தடவை முட்டும். நகம் நீளமாக இருந்தால் சாயங்காலம் கறுத்துப்போயிருக்கும்.

பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் காயாது, நின்றதும் குளிரும். பாலியஸ்டர் கலந்த விளையாட்டு டி-ஷர்ட், மேலே ஒரு ஸ்வெட்டர், அதற்கும் மேலே போட காற்றும் மழையும் புகாத மெல்லிய ஜாக்கெட் என்று மூன்று அடுக்காக வைத்துக்கொண்டு, ஏறும்போது கழற்றி, நிற்கும்போது போட்டுக்கொள்ள வேண்டும். ஆகஸ்டிலும் ஜாக்கெட் தேவைப்படும். தொப்பி, சன்ஸ்க்ரீன், ஒரு லிட்டர் தண்ணீர், கைபேசிக்குப் பவர் பேங்க். இரண்டு நடைக்கோல்கள் இருந்தால் இறக்கத்தில் அவ்வளவு உதவி. வாங்கத் தேவையில்லை, பக்கத்து நகரமான இன்டர்லாகனிலும் லவுட்டர்புருன்னனிலும் விளையாட்டுக் கடைகளில் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். சப்பாத்தி ரோல், புளிசாதம், எலுமிச்சை சாதம் எதுவானாலும் சரி. பேர்னிலோ சூரிச்சிலோ உறவுக்காரர்கள் இருந்தால் அவர்கள் வீட்டு இடியாப்பமும் சம்பலும் மலையில் தனி ருசிதான். அந்த ஊர்களில் ஈழத்தமிழர் கடைகளுக்கும் குறைவில்லை. எதுவும் கட்ட முடியவில்லை என்றால் லவுட்டர்புருன்னன் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கூப் என்கிற பல்பொருள் கடை இருக்கிறது. ரொட்டி, சீஸ், ஆப்பிள், சாக்லேட் அங்கே வாங்கினால் வழியில் உணவகங்களில் கொடுக்கிற காசில் பெரும்பகுதி மிச்சம்.

லவுட்டர்புருன்னன் வந்து சேர்வது

இன்டர்லாகன் ஓஸ்ட் நிலையத்திலிருந்து ரயிலில் இருபது நிமிடம்தான். இங்கே புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ரயில் ஸ்வைலுச்சினன் என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லவுட்டர்புருன்னனுக்கு, இன்னொரு பாதி கிரிண்டல்வால்டுக்கு. நடைமேடையிலும் பெட்டியின் பலகையிலும் எந்தப் பகுதி எங்கே போகிறது என்று எழுதியிருக்கும். ஏறுவதற்கு முன் படித்துவிட்டு ஏறுங்கள். தவறான பாதியில் உட்கார்ந்துவிட்டால் ஸ்வைலுச்சினனில் இறங்கி மாறிக்கொள்ளலாம்.

ஸ்விஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தால் இந்த ரயில், குரூட்ச்சால்ப் கேபிள் கார், பள்ளத்தாக்கு பஸ் எல்லாம் அதிலேயே அடங்கும். மியூரன் வரைக்கும் செல்லும். அதற்கு மேலே ஷில்ட்ஹார்ன் சிகரத்துக்குப் போக வேண்டுமென்றால்தான் தனிச் செலவு. பாஸ் இல்லாதவர்கள் ஸ்விஸ் ரயில்வேயின் எஸ்பிபி செயலியில் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம்.

எட்டு மணிக்குள் லவுட்டர்புருன்னனில் இருக்கப் பாருங்கள். ரயிலை விட்டு இறங்கித் தெருவைக் கடந்தால் எதிரிலேயே கேபிள் கார் நிலையம். இந்தத் தடத்தில் 1891 முதல் கயிற்று ரயில் ஒன்று சரிவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. 2006இல் அதை எடுத்துவிட்டுக் கேபிள் கார் போட்டார்கள். மியூரன் ஊருக்குள் வெளியூர் வண்டிகள் போகச் சாலை கிடையாது. காய்கறியோ கட்டில் மெத்தையோ எல்லாம் இப்படித் தொங்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஏறுவதற்கு முன் கூண்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சாமான் ஏற்றவென்றே ஒரு தட்டு அங்கே தொங்கும்.

குரூட்ச்சால்ப் முதல் மியூரன் வரை

மேலே இறங்கியதும் கூட்டம் மொத்தமும் அங்கே காத்திருக்கிற குட்டி ரயிலில் ஏறிவிடும். நீங்கள் ஏறாதீர்கள். தண்டவாளத்தை ஒட்டியே நடைபாதை போகிறது. நாலரைக் கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம், லேசான ஏற்றம். இந்த நாளின் சுலபமான பகுதி இது. குழந்தைகளோடும் பெரியவர்களோடும் நடக்கலாம்.

கிளம்பும் இடத்திலேயே மஞ்சள் வழிகாட்டிப் பலகையைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். ஸ்விஸ் நாட்டில் இப்படிப் பலகை நட்ட நடைபாதைகள் சுமார் 65,000 கிலோமீட்டர் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் ஒரே மொழிதான். வெறும் மஞ்சள் நிறம் என்றால் சாதாரண நடைபாதை. அம்பின் நுனியில் வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை இருந்தால் மலைப்பாதை: குறுகலாக, செங்குத்தாக இருக்கலாம், ஷூவும் கவனமும் வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கயிறும் அனுபவமும் தேவைப்படக்கூடிய பாதை. அந்தப் பக்கம் நாம் திரும்பவே வேண்டாம். பலகையில் ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் இருப்பது தூரம் அல்ல, நேரம். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்ற கணக்கில், நிற்காமல் நடந்தால் ஆகிற நேரம். முதல்முறை நடக்கிறவர்கள் அதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளலாம். அதே கம்பத்தில் ஒரு வெள்ளைத் தட்டு இருக்கும். நீங்கள் நிற்கிற இடத்தின் பெயரும் உயரமும் அதில் எழுதியிருக்கும். ஒவ்வொரு கம்பத்திலும் அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஆகி உதவி கேட்க நேர்ந்தால் "எங்கே இருக்கிறீர்கள்" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

நடக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஊசியிலை மரக் காடு. அது விலகியதும் இடது பக்கம் பள்ளத்தாக்குக்கு அந்தக் கரையில் மூன்று மலைகளும் வரிசையாக நிற்கும்: ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ். இடமிருந்து வலமாக அதே வரிசை. யுங்ஃப்ராவ் 4,158 மீட்டர். மூன்றில் உயரம் அதுதான், நமக்கு மிகப் பக்கமும் அதுதான் என்பதால் மற்ற இரண்டையும் அமுக்கிவிட்டு நிற்கும். பாதையோரம் பெஞ்சுகள் இருக்கின்றன. முதல் பெஞ்சிலேயே அரை மணி நேரத்தைக் கரைத்துவிடாதீர்கள், மியூரன் வரைக்கும் இதே காட்சிதான் கூட வரும்.

பாதி வழியில் வின்டரெக். ரயில் நிற்கிற சின்ன நிறுத்தம், ஒரு உணவகம், குழந்தைகளுக்கு விளையாட்டு இடம், ஒரு மலைச்சீஸ் பண்ணை. பக்கத்துப் புல்வெளியில் மேய்கிற மாடுகளின் பால்தான் அங்கே சீஸாகிறது. கழிப்பறை வேண்டுமென்றால் இங்கே போய்விடுங்கள்.

மாடுகளும் வேலிகளும்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மூர் மாட்டோடு பழகியவர்கள்தான் இங்கே அசட்டுத் தைரியம் காட்டுகிறார்கள். கோடையில் மாடுகள் மலைமேல் மேய்ச்சல் நிலத்தில் இருக்கும், நடைபாதை பல இடங்களில் அதன் நடுவிலேயே போகும். கழுத்தில் பெரிய மணி, பார்ப்பதற்குச் சாது. கன்றோடு இருக்கிற தாய்ப்பசு மட்டும் சாது இல்லை. கன்றைத் தடவப் போகாதீர்கள், மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவில் நுழையாதீர்கள், செல்ஃபிக்காக நெருங்காதீர்கள். பாதையிலேயே மாடு நின்றால் ஓடாமல், கையை ஆட்டாமல், சற்று விலகிச் சுற்றிக்கொண்டு போங்கள். தலையைத் தாழ்த்தி உங்களையே பார்த்தால், முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்னால் வந்துவிட வேண்டும்.

மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி மின்வேலி. பாதை குறுக்கே போகிற இடத்தில் ஒரு கயிறோ கம்பியோ கட்டி, அதன் நுனியில் பிளாஸ்டிக் கைப்பிடியும் கொக்கியும் வைத்திருப்பார்கள். பிளாஸ்டிக்கை மட்டும் பிடித்துக் கொக்கியைக் கழற்றி, உள்ளே போய், கயிறு தரையில் படாமல் இழுத்து, மறுபடி அதே வளையத்தில் மாட்டிவிட்டு நடக்க வேண்டும். கம்பியைத் தொட்டால் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் கை 'சுரீர்' என்று உதறும். பின்னால் ஆள் வருகிறதே என்று திறந்தே விட்டுவிட்டுப் போவதுதான் பெரிய தப்பு. பின்னால் வருகிறவர் பத்து நிமிடம் கழித்து வரலாம், மாடு பத்து நிமிடம் காத்திருக்காது.

இன்னொன்று. உயரமாக வளர்ந்த பூவும் புல்லுமாக இருக்கிற இடம் வெறும் காட்டுப்புல் என்று நினைத்து உள்ளே இறங்கிப் படுத்துப் படம் எடுக்கிறார்கள். அது குளிர்காலத்துக்கான மாட்டுத்தீவனம். மிதித்த புல்லை அறுக்க முடியாது. நம் நெல்வயலில் ஒருவன் இறங்கி நின்றால் எப்படி இருக்கும்?

மியூரன்

ரயில் நிலையம் ஊரின் ஒரு முனையில், ஷில்ட்ஹார்ன் கேபிள் கார் நிலையம் மறு முனையில். நடுவில் கால் மணி நேரம் நடக்கிற அளவுதான் ஊர். கார்கள் இல்லை. சில நூறு பேர் வாழ்கிறார்கள். 1931இல் முதல் ஆல்பைன் பனிச்சறுக்கு உலகப் போட்டி நடந்த இடம் இது. இங்கிலாந்துக்காரர்கள் குளிர்காலத்தில் வந்து தங்கித் தங்கி இதைப் பனிச்சறுக்கு ஊராக்கினார்கள். அதனால் பழைய மரவீடுகளுக்கு நடுவே ஹோட்டல்களும் நிறைய.

இங்கே கூப் கடை உண்டு, கழிப்பறை உண்டு, தண்ணீர் பிடிக்கக் குழாய் உண்டு. ஊர்களில் மரத்தொட்டியிலோ கல்தொட்டியிலோ எந்நேரமும் விழுந்துகொண்டிருக்கிற குழாய்த்தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். குடிக்கக்கூடாத தண்ணீராக இருந்தால் 'காயின் ட்ரிங்க்வாஸர்' என்று எழுதியிருக்கும், அல்லது குறுக்குக் கோடு போட்ட குவளைப் படம் இருக்கும். மேய்ச்சல் நிலத்து ஓடையில் மட்டும் குடிக்காதீர்கள், எவ்வளவு தெளிவாக இருந்தாலும்.

உடம்பில் தெம்பு நிறைய இருந்தால் இங்கிருந்து கயிற்று ரயிலில் அல்மென்ட்ஹுபல் (1,907 மீட்டர்) ஏறிப் பூப்பாதை ஒன்றைச் சுற்றிவிட்டு வரலாம். முதல்முறை வருகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கிம்மல்வால்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிம்மல்வால்ட்

மியூரனின் தெற்கு முனையில், ஷில்ட்ஹார்ன் நிலையம் தாண்டியதும் பலகை இருக்கும். அங்கிருந்து தார் போட்ட சின்ன வழி வளைந்து வளைந்து இறங்கும். நாற்பது நிமிடம். ஊர்க்காரர்களின் சிறு டிராக்டர்கள் வரும், ஒதுங்கி நின்று வழிவிட்டு ஒரு வணக்கம் சொல்லுங்கள். பாதையில் எதிர்ப்படுகிற யாருக்கும் தலையாட்டி வணக்கம் சொல்வது இங்கே வழக்கம். இந்தப் பக்கத்தில் 'க்ரூயெஸெக்' என்பார்கள். நாம் சொன்னால் ஒரு சிரிப்பு நிச்சயம்.

நூற்றுச் சொச்சம் பேர் வாழ்கிற ஊர். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் தெற்கே லோச்சன்டால் பள்ளத்தாக்கிலிருந்து பனிமலையைத் தாண்டி வந்து குடியேறியவர்கள் இந்தப் பக்கத்து மலையூர்களில் வேர்விட்டார்கள். சுற்றுலாவும் ஹோட்டலும் மியூரனை மாற்றிய அளவுக்கு இந்த ஊரை மாற்றவில்லை. இன்னும் மாடு, சீஸ், வைக்கோல்தான் பிழைப்பு. பாதைக்கு மேலே இருக்கிற சரிவைப் பாருங்கள். எந்திரம் ஏற முடியாத இடங்களில் நீண்ட கைப்பிடி உள்ள அரிவாளால் இன்னமும் புல் அறுக்கிறார்கள்.

வீடுகளை மெதுவாகப் பார்க்க வேண்டும். வெயில் படுகிற பக்கத்து மரச்சுவர் நூற்றாண்டு வெயிலில் கருகி ஏறக்குறைய கறுப்பாகவே ஆகியிருக்கும். நிழல் பக்கத்துச் சுவர் சாம்பல் நிறம். ஒரே வீட்டுக்கு இரண்டு நிறம். சுவரோரம் கூரை விளிம்பு வரை அடுக்கிய விறகு, கத்தியால் நறுக்கிய மாதிரி ஒரே மட்டம். இறவாணத்தின் கீழே வரிசையாகத் தொங்குகிற மாட்டுமணிகள், அகலமான தோல்பட்டையோடு. சில மரக்கட்டடங்கள் தரையில் படாமல் குட்டைக் கால்கள் மேல் நிற்கும். காலுக்கும் கட்டடத்துக்கும் நடுவே தட்டையான வட்டக்கல் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். தானியமும் சீஸும் வைக்கிற களஞ்சியம் அது. காலில் ஏறி வருகிற எலி அந்தக் கல்லின் அடிப்பக்கத்தில் தலைகீழாக நடந்து வெளியே வர முடியாது. நம் குதிர்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஒரு சொந்தம் தோன்றும்.

ஊருக்குள் ஆளில்லாத கடை ஒன்று உண்டு. சாமானில் விலை எழுதியிருக்கும், எடுத்துக்கொண்டு காசைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். சில்லறை ஃபிராங்க் கையில் இருப்பது நல்லது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இவை காட்சிக்கு வைத்த வீடுகள் இல்லை. வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவது, ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பது, தோட்டத்துக்குள் இறங்கிப் படம் எடுப்பது எல்லாம் இங்கே நிறைய நடக்கிறது. ஊர்க்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்றால் நியாயம்தான். சாப்பிடப் பொதுப் பெஞ்சுகள் இருக்கின்றன. உணவகத்தில் சாப்பிடுவதாக இருந்தால் ரோஸ்டி (துருவி வறுத்த உருளைக்கிழங்கு) கேளுங்கள். சைவம் என்றால் 'வெகெட்டாரிஷ்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கேட்காவிட்டால் பன்றி இறைச்சித் துண்டுகள் தூவி வர வாய்ப்புண்டு.

முடிவெடுக்க வேண்டிய இடம்

கிம்மல்வால்டில் கேபிள் கார் நிலையம் இருக்கிறது. இங்கே நின்று மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் இப்போதே வலிக்கிறதா? மழை தூறுகிறதா, வானம் கறுத்திருக்கிறதா? மணி மூன்றரையைத் தாண்டிவிட்டதா? எதற்காவது ஆமாம் என்றால் கேபிள் காரில் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். அன்றைய நேர அட்டவணை நிலையத்திலும் செயலியிலும் இருக்கும். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. இதற்கப்புறம் நடுவில் விட்டுவிட்டுப் போக வழி கிடையாது, இறங்கி முடித்தே ஆக வேண்டும்.

நடப்பவர்கள், பலகையில் ஸ்டெக்கல்பெர்க் என்று போட்ட பாதையைப் பிடியுங்கள். ஒன்றேகால் மணி நேரம் என்று காட்டும், இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பாதை முதலில் செஃபினன் பள்ளத்தாக்கின் பக்கம் வளைந்து இறங்கி, பனி உருகிப் பால் கலந்த மாதிரி வெளுத்து ஓடுகிற ஆற்றைப் பாலத்தில் கடக்கும். பாலத்தில் காற்று சில்லென்று முகத்தில் அடிக்கும். அதைத் தாண்டிப் பிரிகிற இடத்தில் மேலே ஏறுகிற வழிகளும் உண்டு, பலகையைப் படிக்காமல் காலை எடுத்து வைக்காதீர்கள். அங்கிருந்து காட்டுக்குள் கொண்டை ஊசி வளைவுகளாக இறக்கம்.

இறங்கத் தொடங்குமுன் ஷூ நாடாவை அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் நன்றாகத் தள்ளி வைத்து, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். கால் முன்னால் சறுக்காது. அடி சின்னதாக இருக்கட்டும். முழங்காலை விறைப்பாக வைக்காமல் லேசாக மடக்கியே இறங்க வேண்டும். கோல் இருந்தால் ஏறும்போது இருந்ததைவிடக் கொஞ்சம் நீளமாக்கி, காலுக்கு முன்னால் ஊன்றிக்கொண்டு, எடையில் ஒரு பங்கைக் கைக்குக் கொடுங்கள். காட்சி பார்க்க வேண்டுமென்றால் நின்று பாருங்கள். நடந்துகொண்டே தலையைத் தூக்கும்போதுதான் கால் பிசகுகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நின்று தண்ணீர் குடிப்பது நல்லது. வளைவுகளைக் குறுக்கே வெட்டி இறங்குகிற ஒற்றையடித் தடங்கள் கண்ணில் படும். அவற்றில் போகாதீர்கள், மண் சரிவதே அதனால்தான்.

அடிபட்டு நகர முடியாமல் போனால்: ஐரோப்பிய அவசர எண் 112, ஆம்புலன்ஸ் 144, மலை மீட்பு ஹெலிகாப்டர் சேவையான ரேகாவுக்கு 1414. அலைவரிசை கிடைக்காத இடமானால் நிமிடத்துக்கு ஆறு முறை விசிலோ டார்ச்சோ, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு முறை. ஆல்ப்ஸ் முழுக்க இதுதான் உதவி கேட்கிற அடையாளம். பதில் நிமிடத்துக்கு மூன்று முறை வரும். ஹெலிகாப்டர் இலவசம் அல்ல. மலைநடையும் மீட்புச் செலவும் உங்கள் பயணக் காப்பீட்டில் அடங்குமா என்று ஊரிலேயே படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஸ்டெக்கல்பெர்க்கிலிருந்து ஆற்றோடு

கீழே இறங்கியதும் ஸ்டெக்கல்பெர்க். பஸ் தடமும் சாலையும் முடிகிற ஊர். இங்கிருந்து 141 எண் மஞ்சள் போஸ்ட்பஸ் லவுட்டர்புருன்னனுக்குப் போகிறது. கால் கெஞ்சினால் ஏறிவிடலாம், வட்டம் முழுமையாகவில்லையே என்று யாரும் மார்க் போடப்போவதில்லை. ஆனால் சமதரையில் ஒன்றே முக்கால் மணி நேர நடை, இறங்கிக் களைத்த காலுக்கு அது ஒத்தடம் மாதிரி. வெள்ளை லுச்சினன் ஆறு கூடவே வரும்.

பனியாறு அரித்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு இது. அதனால்தான் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பியது போல நேர்ப்பாறை, நடுவே தட்டையான தரை. மேலே உள்ள ஓடைகளுக்குச் சரிந்து இறங்க வழியில்லாமல் விளிம்பிலிருந்து அப்படியே விழுகின்றன. மொத்தம் 72 அருவிகள் என்று கணக்குச் சொல்வார்கள். காலையில் நீங்கள் நடந்து வந்த பாதை இடது பக்கப் பாறைக்கு மேலே இருக்கிறது. கீழிருந்து பார்த்தால் அங்கே ஊர் இருக்கிறது என்றே நம்ப முடியாது.

வழியில் ஷில்ட்ஹார்ன் கேபிள் கார் நிலையம். அதைத் தாண்டி, சாலைக்கு அந்தப் பக்கம் ட்ரும்மல்பாக் அருவி. ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் மூன்றின் பனியாறுகளும் உருகி மலைக்குள்ளேயே குடைந்துகொண்டு பத்து அருவிகளாக இறங்குகிற இடம். வேகமான நாளில் நொடிக்கு 20,000 லிட்டர் வரை தண்ணீர். மலைக்குள் மின்தூக்கியில் ஏறிப் படிகளில் இறங்கி வரலாம். கட்டணம் உண்டு, குளிர்காலத்தில் மூடியிருக்கும், நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை உள்ளே விட மாட்டார்கள். சாயங்காலம் மூடும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். இதை இன்னொரு நாளுக்கு ஒதுக்கினாலும் தப்பில்லை. ஈரப்படிகளை இந்தக் காலோடு ஏறி இறங்குவது எல்லோருக்கும் ஆகாது.

புல்வெளியில் திடீரென்று பாராசூட்டில் ஆள் வந்து இறங்கினால் திடுக்கிட வேண்டாம். மேலே பாறை விளிம்பிலிருந்து குதிக்கிறவர்கள் கோடை முழுக்க இங்கே இருப்பார்கள். பாதையை விட்டு வெளியே போகாமல் இருந்தால் போதும்.

லவுட்டர்புருன்னன் நெருங்கும்போது இடது பக்கம் ஸ்டாவ்பாக் அருவி. 297 மீட்டர் ஒரே விழுதாக விழுவது. காற்றடித்தால் பாதி வழியிலேயே தூளாகிக் கலைந்துவிடும். கோடையில் அருவியின் பின்புறம் பாறையைக் குடைந்த பாதை ஒன்று திறந்திருக்கும், ஏறிப் பார்க்கக் கொஞ்ச தூரம்தான். செங்குத்தான ஏற்றம், சட்டை நனையும். அங்கேயும் ஏறுகிறவர்கள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கைபேசியைப் பையில் வைத்துவிட்டு ஏறுங்கள்.

அப்புறம் அதே தெரு வழியாகப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ரயில் நிலையம். இன்டர்லாகன் ரயில் அரை மணிக்கு ஒன்று இருக்கிறது. ஒன்றைத் தவறவிட்டால் ஓடாதீர்கள், எதிரே கூப்பில் குளிர்ந்த தயிர் ஒன்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அடுத்ததில் போகலாம். மறுநாளுக்கு நடை எதுவும் வைக்காதீர்கள். தொடை பிடித்துக்கொண்டு படியில் பக்கவாட்டில் இறங்குவீர்கள். பிரியன்ஸ் ஏரியில் படகுச் சவாரி அன்றைக்குத்தான் சரி, அதுவும் டிராவல் பாஸில் அடங்கும்.